வாப்பாவுக்கு வாங்கிய கறுப்புப் பவளத் தஸ்பீஹ்

விமான நிலையத்தை விட்டு வெளியேறி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். கை அடிக்கொருதரம் சட்டைப்பைக்குப் போய் ஒன்றுமில்லாமல் திரும்பியது. வாப்பாவுக்காக ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த தஸ்பீஹ், எண்ணி ஓதும் மணிமாலை, உள்ளே சுங்க அதிகாரியின் மேசையில் இருந்தது.

ஜித்தாவில் எனக்குக் கம்பி கட்டும் வேலை. வெயிலில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். மூன்றாவது முறை விழுவதற்குள் கம்பனியை மூடிவிட்டார்கள்; ஊருக்குப் போ என்றார்கள். வாப்பா கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. கடலடியில் வளரும் கறுப்புப் பவளத்தில் செய்த தஸ்பீஹ். பிளாஸ்டிக் ஆகாது. கடைக்காரன் சுட்ட ஊசியால் ஒரு மணியைத் தொட்டுக் காட்டினான். முடி கருகும் வாசம் வந்தது. பிளாஸ்டிக் என்றால் இளகும், அசல் இப்படித்தான் மணக்கும் என்றான். வாங்கி, வீடியோ எடுத்து அனுப்பினேன். கல்முனையில் வாப்பா அதைப் பள்ளிவாசலுக்கு வந்த எல்லோருக்கும் காட்டிவிட்டார்.

சுங்கத்தில் சிங்கள அதிகாரி தஸ்பீஹைத் தூக்கிப் பார்த்து, "மல்லி, பிளாஸ்டிக் தானே?" என்று தம்பி முறை சொல்லிக் கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இல்ல மஹத்தயா, அசல். கடல் சாமான். லைட்டர் ஒண்டு தாங்க, காட்டுறன்."

சிரித்துக்கொண்டே தந்தார். பொத்தானுக்குப் பதிலாகச் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுட்டு, ஒரு மணியில் வைத்தேன். அவர் முகர்ந்தார். பக்கத்து அதிகாரியைக் கூப்பிட்டு அவருக்கும் முகரக் கொடுத்தார். பிறகு, இது அழிந்துவரும் உயிர், அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுவர முடியாது என்று மரியாதையாகச் சொல்லி எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கு உயிர் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"நான் கேட்டது பிளாஸ்டிக் எண்டு. நீதானே மல்லி சாட்சி சொன்னது," என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பாவின் கூட்டாளிமார் தஸ்பீஹைப் பார்க்கக் காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர்களில் மருதமுனையில் லுங்கிச் சாரன் கடை வைத்திருப்பவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"காக்கா, ஒங்கட மகண்ட வாய்க்கு ஒரு பூட்டு வாங்குங்க," என்றார், வாப்பாவை அண்ணனாக அழைத்து.

வாப்பா சிரிக்கவில்லை. "அவனுகள் மணந்து பாத்தானுகளா?"

"ஓம் வாப்பா. ரெண்டு பேர்."

"அசல் எண்டுதான் எடுத்தானுகளா?"

"அதாலதான் எடுத்தாங்க."

வாப்பா கூட்டாளிமார் பக்கம் திரும்பினார். ஒவ்வொருவர் கையிலும் மக்காவுக்கு உம்ரா போய் வாங்கிவந்த கறுப்புத் தஸ்பீஹ் உருண்டுகொண்டிருந்தது.

"ஒங்கட சாமானுகள ஏர்போட்டுல ஆரும் மறிச்சானுகளா?"

சாரன் கடைக்காரர் தன்னுடையதை மெல்லப் பைக்குள் போட்டார்.

"அப்ப அசல் எண்டது எனக்கு வந்தது மட்டுந்தான்," என்றார் வாப்பா. முகம் மலர்ந்திருந்தது. வழமைபோல விரல்களை மடக்கி எண்ணியபடி ஓதத் தொடங்கினார்.

சாரன் கடைக்காரர் போகும்போது என் தோளில் தட்டினார். "எண்ட சாரனுகள எல்லாரும் நைலோன் கலந்தது எண்டு சந்தேகப்படுறாங்க மகன். நாளைக்குக் காலையில கடைக்கு வா."

போனேன். லைட்டர் கடையில் இருந்தது. ஆள் வந்து சாரனைத் தடவி முகத்தைச் சுளித்தால், கரையிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தி, காகிதம் கருகுவதுபோல வரும் அசல் பருத்தி வாசத்தை அவர் மூக்கருகே பிடிப்பது என் வேலை.