புல்டோசர் நிற்க வேண்டிய இடம்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு ஒரே ஊரில் ஒரு வருஷம் முழுதாக நான் இருந்ததில்லை. லாரியில் கிளீனராகச் சுற்றினேன். அவிநாசிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கை நீலமாகும்வரை நின்றேன். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டினேன். அந்த லாட்ஜுக்குக் கீழே மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடும் ஒரு ரேடியோ செட் கடை இருந்தது. மைக் பிடித்துப் பேச அங்கேதான் பழகினேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சர்க்கஸ், தேர்த் திருவிழா, எதைக் கொடுத்தாலும் மூச்சு வாங்காமல் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் காரமடைத் தேருக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போனவன், அப்படியே நகர்ந்து பவானி ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன நகராட்சியில் தங்கிவிட்டேன். அங்கே ஒரு பாய் ஆட்டோ வைத்திருந்தார். அதன் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி வைத்திருந்தார், பேசத்தான் ஆள் இல்லை. படுக்க இடம் வேண்டுமென்றால் ஆட்டோவின் பின் சீட் இருக்கிறது என்றார். எனக்கு அது போதும்.

அந்த வருஷம், மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு நகராட்சியும் வெள்ளத்துக்கு முன்னேற்பாட்டுத் திட்டம் போடவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. எங்கள் ஆற்றில் ஒரு விபரீதம் உண்டு. ஊரில் வெயில் காயும், ஆற்றில் கணுக்காலளவு தண்ணீர் ஓடும், ஆடு மேயும். ஆனால் மலையில் மழை கொட்டி, மேலே அணையில் மதகைத் திறந்துவிட்டால் மூன்று நாலு மணி நேரத்தில் கரை கொள்ளாமல் வந்து சேரும். ஆற்றை ஒட்டிய புறம்போக்கில் நாற்பது ஐம்பது குடிசைகள் இருந்தன. மதகு திறக்கிற செய்தி வந்ததும் அவர்களை மேட்டிலிருக்கும் நகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். திட்டம் என்றால் முக்கியமாக அவ்வளவுதான். யார் சோறாக்குவது, யார் விளக்குக் கட்டுவது, டாக்டர் எங்கே உட்காருவது எல்லாம் அதற்குப் பிறகு.

ஆணையர் தெற்கத்திக்காரர், ஊருக்குப் புதிது. சுவரில் ஒரு வரைபடம் மாட்டி ஆற்றுக்கு நீலப் பென்சில் தீட்டியிருந்தார். செய்தியைச் சொல்லும் வேலை பாயின் ஆட்டோவுக்கும் எனக்கும் வந்தது. என்ன சொல்லவேண்டும் என்பதை அலுவலக மேலாளர் எழுதிக் கொடுத்தார். "ஆற்றோரம் வசிக்கும் பொதுமக்கள் தங்கள் குடிசைகளை உடனடியாகக் காலி செய்யவும்." வாசித்துப் பார்த்தேன். வாய்க்கு நன்றாக வந்தது.

ஒத்திகை நாளன்று காலையில் ஆட்டோவை ஆற்றோரச் சந்தில் நிறுத்தி அதைத்தான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போதே பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் மேட்டைப் பார்த்து நடக்கவில்லை. அவரவர் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சிலர் ரேஷன் கார்டை எடுத்து வந்து உயர்த்திக் காட்டினார்கள்.

ஆடு வளர்க்கிற ஒரு அம்மா நேராக ஆட்டோவுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்தச் சந்தே அவர் சொல் கேட்கும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"ஏனுங்க, யாரைக் காலி பண்ணச் சொல்றீங்க?"

"ஒத்திகைங்க. வெள்ளம் வந்தா எப்படிப் போறதுன்னு..."

"ஆத்துல ஆடு நிக்குது, முட்டி நனையல. வெள்ளமாம் வெள்ளம்!"

கையிலிருந்த குடத்துத் தண்ணீரை ஆம்ப்ளிஃபயர் மேல் கவிழ்த்துவிட்டார். குழாய் இரண்டும் ஒரு கீச்சுக் கீச்சிவிட்டு அடங்கின.

"இந்தாங்க, வெள்ளம் வந்துபோட்டுது. இப்ப நீங்க காலி பண்ணுங்க."

சந்து முழுக்கச் சிரித்தது. பாய் ரிவர்ஸ் எடுத்தார். மெயின் ரோடு வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"உன்கிட்ட அந்த வார்த்தையைக் கொடுத்தவனைத்தான் நனைச்சிருக்கோணும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி முன்னே ஒரு வரிசை குடிசை இருந்துச்சு, தெரியுமா?"

நான் வருவதற்கு முந்தின கோடையில் நடந்தது அது. வேறு ஒரு ஆட்டோ, வேறு ஒரு குரல், இதே வாக்கியம். "காலி செய்யவும்" என்று மைக்கில் சொன்ன மறுநாள் காலை நகராட்சியின் மஞ்சள் புல்டோசர் வந்து, மத்தியானத்துக்குள் அந்த இடம் மைதானமாகிவிட்டது. அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது.

ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு ஆணையர் அறைக்குப் போனோம். மேலாளர் போலீஸ் பாதுகாப்புக் கேட்கலாம் என்றார். ஆணையர் வரைபடத்தில் நீலக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"போலீஸை வெச்சு ஒத்திகையை நடத்திரலாம். நெசமா தண்ணி வாற அன்னைக்கு, அதுவும் வெயில் அடிச்சா, அத்தனை பேரையும் யார் தூக்கிச் சொமக்கது? அந்தம்மாவைக் கூப்பிடுங்க. தண்ணி ஊத்துனதுக்கு இல்லன்னு சொல்லிக் கூப்பிடுங்க."

மறுநாள் அந்தம்மா இன்னும் மூன்று நாலு பெண்களோடு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஆணையர் மலை, அணை, மதகு எல்லாம் சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அந்தம்மா பேசினார்.

"வெள்ளம் எங்களுக்குத் தெரியாதுங்களா, சாமி? எங்க அப்பாரு காலத்துல பார்த்ததுதான். போகச் சொன்னாப் போறமுங்க. திரும்பி வரச் சொல்லுவீங்களா? அதையத்தான் கேக்கறமுங்க."

"வராம? உங்க வீடுதானம்மா."

"அதைய மைக்குல சொல்லலீங்களே. ஊட்டுக்கு மீட்டர் பாக்க வாற ஆளைக்கூட நாங்க 'போயிட்டு வாங்க'ன்னுதான் சொல்லுவோம். வெறுமனே போன்னு சொன்னா, எங்கூர்ல அது சண்டைங்க."

ஆணையர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். எனக்கும் பார்க்க யாராவது இருந்தால் பார்த்திருப்பேன்.

பேச்சு சாயங்காலம்வரை போனது. அவரவர் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றானது. ஆடுகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடமுடியாது என்று மேலாளர் பிடிவாதமாக நின்றார். "அப்ப நானும் ஆட்டோட நின்னுக்கறேன், வெள்ளம் எங்க ரெண்டு பேர்த்தையும் கொண்டுட்டுப் போவட்டும்" என்றார் அந்தம்மா. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பாயின் மச்சானுக்கு ஒரு மரக்கடை இருந்தது. அந்தக் கொட்டகையில் ஆடுகளைக் கட்டலாம் என்று பாய் ஏற்றுக்கொண்டார். மச்சானைக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது அந்தம்மா வாசலில் நின்று கடைசியாக ஒன்று கேட்டார்.

"நாங்க பள்ளிக்கூடத்துல இருக்கற நேரம், அந்த மஞ்ச வண்டி எங்கீங்க நிக்கும்?"

"அது பாட்டுக்கு ஷெட்ல நிக்கும்" என்றார் மேலாளர்.

"ஷெட்ல நின்னா எங்க கண்ணுக்குத் தெரியாதுங்களே. பள்ளிக்கூடத்து மைதானத்துல, எங்க கண்ணு முன்னால நிக்கோணும். அது அங்க நின்னா நாங்களும் அங்க நிக்கறோம்."

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆணையர் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு திட்டத்தில் அதையும் எழுதச் சொன்னார். எச்சரிக்கை வந்தவுடன் புல்டோசர் பள்ளி மைதானத்தில் நிறுத்தப்படும். மேலிடத்தில் ஏன் என்று கேட்டார்களாம். அவசர மீட்புப் பணிக்கு என்று மேலாளர் பதில் எழுதினார். மீட்புதானே, பொய்யொன்றும் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள். ஊரில் நல்ல வெயில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அணையிலிருந்து போன் வந்தது, மதகுகளைத் திறக்கிறோம் என்று. பாயும் நானும் சோற்றுக் கையோடு ஆட்டோவை எடுத்தோம். போகிற வழியில் பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தேன். ஆறு அன்றைக்கும் கணுக்காலளவுதான்.

இந்தத் தடவை என்னிடம் எழுதிய வாக்கியம் இல்லை. "ஏனுங்க, மலையில இருந்து தண்ணி வருதுங்க. ஊட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கங்க. பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வாங்க. தண்ணி வடிஞ்சதும் நானே வந்து கூப்பிடறேன். போயிட்டு வாங்க!" தொண்டை கட்டும்வரை இதையே சொன்னேன்.

வந்தார்கள். மூட்டை, பாத்திரம், குழந்தை, கோழி, ஆடு, எல்லாம் வந்தன. ஆனால் சந்து முனையில் இருந்த வேப்பமரம்வரைதான் வந்தார்கள். அங்கேயிருந்து பார்த்தால் மேட்டில் பள்ளி மைதானம் தெரியும். மைதானத்தில் புல்டோசர் இல்லை.

"வண்டி எங்கீங்க?" என்றார் அந்தம்மா.

"வந்துட்டே இருக்குதுங்க."

"வரட்டும். நிக்கறோம்."

பாயும் நானும் நகராட்சி ஷெட்டுக்குப் பறந்தோம். டிரைவர் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார். பேட்டரி இறங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டு வேலைக்குப் பிறகு அதை யாரும் எடுக்கவேயில்லை. லாரி பேட்டரி கேட்டு ஆள் போயிருந்தது. எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. ஆணையர் வெயிலில் நின்று கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த நேரம்தான் பயம் வந்தது. லாரிக்கு அடியில் படுத்து டயர் மாற்றியிருக்கிறேன், சாயக் கிணற்றில் இறங்கியிருக்கிறேன், அங்கெல்லாம் என் உடம்பு மட்டும்தான். இங்கே வேப்பமரத்தடியில் குழந்தைகளோடு அத்தனை பேர் நிற்கிறார்கள், தண்ணீர் பாதி வழி வந்திருக்கும். வண்டி கிளம்பிவிட்டது என்று பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று பாயிடம் கேட்டேன். பாய் கூடாது என்று தலையாட்டினார். "ஒரு தடவை பொய்யின்னு தெரிஞ்சா ஊட்டுக்கே திரும்பிருவாங்க. அந்தம்மாவையே கூட்டியாந்து காட்டிரலாம், வா."

ஆட்டோவில் ஏற்றி வந்தோம். அந்தம்மா புல்டோசரை ஒரு சுற்றுச் சுற்றினார். அதன் முன் தகடு அவர் தலைக்கு மேலே இருந்தது.

"ஓடலீங்களா?"

"ஓடலீங்க" என்றார் டிரைவர், குற்றவாளி மாதிரி.

"நெசமாலுமா? எங்கே, ஒருக்கா எடுத்துக் காட்டுங்க."

டிரைவர் ஏறிச் சாவியைத் திருப்பினார். உள்ளே என்னவோ 'டக்' என்றது, அவ்வளவுதான். இன்னொரு தடவை திருப்பச் சொன்னார். மறுபடியும் 'டக்'.

அந்தம்மா முகம் மெதுவாக மலர்ந்தது. "அட, இதைய முன்னமே சொல்றதுக்கென்னங்க? ஓடற வண்டின்னாத்தான் மைதானத்துல நிக்கோணும், ஓடாத வண்டி எங்க நின்னா என்ன! பேட்டரி எதும் போட்டுத் தொலைச்சுப்போடாதீங்க, கண்ணு."

டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஆணையரைப் பார்த்தார். "கேட்டீருல்லா? எறங்கும்" என்றார் ஆணையர்.

வேப்பமரத்தடிக்கு வந்ததும் அந்தம்மா என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஏனுங்க, வண்டி செத்துக் கெடக்குது. நானே என்ற கண்ணால பார்த்துட்டு வந்துட்டேன். எல்லாரும் வாங்க, போலாம்!"

ஒரு சிரிப்பு எழுந்தது, அதோடு கூட்டம் நகர்ந்தது. கடைசி ஆடு மரக்கடைக் கொட்டகைக்குள் போனபோதும் ஊரில் வெயில்தான். பாயின் மச்சான் வாசலில் நின்று, "என்ன மாப்ளே இது, எனக்கு யாரும் சொல்லலியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் சொல்வதற்குள் ஆற்றுப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது.

செம்மண் நிறத்தில் வந்தது. முழு மரங்கள் வந்தன. பள்ளிக்கூடத் திண்டில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்சம் கழித்து அந்தம்மா ஆடுகளை எண்ணிவிட்டு வந்தார். பிறகு பிள்ளைகளை எண்ணினார். "எல்லாம் இருக்குது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பசி தெரிந்தது. மத்தியானச் சோற்றைப் பாதியில் விட்டு வந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிண்டியிருந்தார்கள். எத்தனை தடவை வாங்கினேன் என்று நினைவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. நானே வந்து கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்ததால், எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மைக்கில் அறிவித்தேன். "ஊட்டுக்குப் போலாமுங்க, வாங்க." லாரி பேட்டரி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஆணையர் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். மழைக்காலம் முடியட்டும், அவசரமில்லை என்றார்.

மேல் வரிசைக் குடிசைகளுக்குச் சேறுதான். கீழ் வரிசையில் நாலைந்து விழுந்திருந்தன. அந்தம்மா வீட்டுக்குப் பின்சுவரும் பக்கச்சுவரும் போய்விட்டன. முன்சுவரும் கதவும் மட்டும் நின்றன, கதவில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு போனால் எந்தப் பக்கமும் உள்ளே போகலாம். அவர் சுற்றவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, தலையைக் குனிந்து உள்ளே போனார். உள்ளே நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அங்கயே நிக்கறீங்க? உள்ள வாங்க கண்ணு. சேறு பார்த்து வாங்க."

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கதவு வழியாகவே உள்ளே போனேன்.