‘நத்திங் டுடே’ என்று எழுதிய நோட்டு

ஷிஃப்ட் முடிந்து பொம்மனஹள்ளியிலிருந்து நேராக வந்திருந்தார் கவிதாவின் அப்பா. ஃபேக்டரி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

“எட்டு வயசாகுது மேடம். பக்கத்து வூட்டுப் புள்ளைங்க இங்கிலீஷ் பேப்பரே படிக்குதுங்க. இவளுக்குப் படிக்க வருதா, இல்லியா? வரலன்னா ஜூன்ல வேற ஸ்கூல்தான்.”

எங்கள் பள்ளியில் பரீட்சை கிடையாது. என்ன செய்வதென்று பிள்ளைகளே முடிவு செய்வார்கள். நாங்கள் கூட இருந்து அப்சர்வேஷன் நோட்டில் எழுதி வைப்போம். ரிப்போர்ட் கார்டு என்று சொன்னால் அதுதான். நான் காக்ஸ் டவுனில் ஒரு வழக்கமான பள்ளியில் இருபது வருடம் சிவப்புப் பேனா பிடித்துவிட்டு இங்கே சேர்ந்தவள். மேசையில் உட்கார்ந்து எழுதினால்தான் படிப்பு என்று எனக்குள் ஊறியிருந்தது. கவிதாவோ மேசைப் பக்கமே வரமாட்டாள். மூன்று மாதமாக ஊஞ்சலடியே கதி என்று கிடந்தாள்.

வேறு வழியில்லாமல் நோட்டை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை மகளிடம் நீட்டினார். “நீயே படி கண்ணு.”

நான் தடுப்பதற்குள் அவள் நோட்டைத் திறந்துவிட்டாள்.

“மண்டே. ஸ்விங். நத்திங் டுடே. ட்யூஸ்டே. ஸ்விங். நத்திங் டுடே ஆல்சோ.”

என் கோழிக் கிறுக்கலை ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் படித்தாள். சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

“நத்திங்கா? இல்லியே அக்கா. வாங்க, காட்றேன்.”

ஊஞ்சலுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. இருப்பது ஒரே ஊஞ்சல். சாப்பாட்டுக்குப் பிறகு கிடைப்பது அரை மணி. அன்றன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், ஆளுக்கு எத்தனை நிமிடம் என்று பட்டியல் போட்டிருந்தாள். கிழமைகள், பெயர்கள், விதிகள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. கன்னடம் மட்டும் படிக்கத் தெரிந்த சின்னவர்களுக்குக் கன்னடத்திலும் எழுதியிருந்தாள்.

“பெரிய அண்ணாங்கள கேட்டு கேட்டு எழுதுனேன். அப்பறம் தானா படிக்க வந்துச்சு” என்றாள்.

ஊஞ்சலடியில் சண்டைச் சத்தம் நின்று மூன்று மாதமாகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் நின்றது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்பா விடவில்லை. “ஒம்போது பேரு வந்தா?”

“ஆளுக்கு மூணு நிமிஷம். இன்னும் மூணு நிமிஷம் மிச்சமிருக்கும்.”

“அது யாருக்கு?”

“அன்னிக்கு யாரு அழுதாங்களோ, அவங்களுக்கு.”

எந்தக் கேள்வித்தாளில் இதைக் கேட்டிருப்பேன்? எத்தனை மார்க் போட்டிருப்பேன்? அவர் சுவரிலிருந்த பெயர்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். பிறகு, “இங்கியே இருக்கட்டும் மேடம்” என்றார்.

நோட்டிலிருந்த அந்த ‘நத்திங்’ வரிகளை நான் அடிக்கவில்லை. அவை என்னுடைய ரிப்போர்ட் கார்டு. புதிதாகச் சேரும் டீச்சர்களுக்கு முதல் நாளே அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுவேன். இப்போதும் ‘நத்திங்’ என்று எழுதக் கை போகத்தான் செய்கிறது. உடனே பேனாவை மூடிவிட்டு எழுந்து போய், அந்தப் பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்கிறேன்: “என்ன பண்ற? எனக்கும் காட்டுறியா?”