சயாமிலிருந்து ஒரு பிடி மண்

மகள் பாங்காக்கில் வேலை பார்க்கிறாள். போன வருடம் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். நாகலூர்ப் பக்கம் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுப் பாலம் ஒன்றைக் காட்டுகிறேன் என்று எங்களைக் காஞ்சனபுரிக்குக் கூட்டிப் போனாள். எங்கள் மலை அடிவாரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் முகத்தில் அடிக்குமே, அதே வெயில்.

போகும் வழியில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று வந்தது. ஜப்பான்காரர்கள் யுத்தத்தின்போது போட்ட ரயில் பாதையில் செத்துப்போன கைதிச் சிப்பாய்களுடையது என்று மகள் சொன்னதும் மனைவி காரை நிறுத்தச் சொன்னாள். அவளுடைய தாத்தாவின் தம்பி, அவள் பிறந்த ஊரான வாழவந்தியிலிருந்து மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அங்கிருந்து, அப்போது சயாம் என்று சொன்ன இந்தத் தாய்லாந்துக்கு ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, கூடப் போன ஒருவர் திரும்பிவந்து சொன்னதோடு சரி. எங்கே புதைத்தார்கள் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

மனைவி வரிசை வரிசையாகக் கல்லை வாசித்துக்கொண்டே போனாள். எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள்.

"ஏனுங்க, நம்ம ஆளுக ஒருத்தரு பேருகூட இல்லீங்களே?"

"இது சிப்பாய்களுக்கு மட்டும்மா," என்ற மகள், டிரைவரிடம் தாய்லாந்து மொழியில் ஏதோ விசாரித்தாள். அவர் எங்களை ஒரு புத்தர் கோயிலுக்கு அழைத்துப்போனார். ரயில் வேலையில் இறந்த தமிழர்களுக்காக அங்கே ஒரு நடுகல் வைத்திருந்தார்கள். தனியாக யார் பெயரும் அதில் இல்லை.

மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். "சின்னத் தாத்தா, ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறோமுங்க," என்றாள். அவள் அழவில்லை.

அங்கிருந்தே வாழவந்தியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அவரு அங்கதான் இருக்கறாருன்னு எப்படிக் கண்ணு தெரியும்?"

"தெரியாதுங்கண்ணா. இந்தப் பக்கம் எங்கியோதான் இருப்பாரு."



"அப்ப ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிட்டு வா சாமி," என்றார் அண்ணன்.

மகள் கைப்பையிலிருந்த மிட்டாய் டப்பாவைக் காலி செய்து கொடுத்தாள். ஊர் திரும்பிய அடுத்த வாரம், தாத்தாவின் கல்லறையை ஒட்டிச் சின்னதாக ஒரு குழி தோண்டி அண்ணன் அந்த மண்ணைப் போட்டு மூடினார். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொன்னார். தூறல் பிடித்துக்கொண்டதால் சீக்கிரமே முடித்துவிட்டு எல்லோரும் அண்ணன் வீட்டில் சாப்பிட்டோம்.