காலில்லாத மனிதனுக்குக் காவல்

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் கருணாகரன் இருபது வருடமாகத் திருடர்களை அடித்து வந்தார். சட்டைப்பையில் குத்தியிருந்த அட்டையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் என்று போட்டிருந்தது. போலீசைக் கூப்பிட்டால் கடைக்குப் பெயர் கெடும் என்பது முதலாளி மாணிக்கவாசகம் அண்ணாச்சியின் கட்சி. எனவே வேட்டியைச் சுருட்டி அக்குளில் வைத்தவனை லிஃப்டில் ஏற்றி, மரியாதையாக நான்காவது மாடிக்கு அழைத்துப் போவார்கள். அங்கே தையல் மாஸ்டரின் இடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை ஒன்று உண்டு. உள்ளங்கையால், காதுக்குக் கீழே அடிக்க வேண்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு அடிக்க வேண்டும். மற்ற மூன்று பக்கமும் துணிக்கட்டுகள், ரத்தம் பட்டால் போகாது.

சங்கரன்கோவில் பக்கம் கபடி ஆடிய உடம்பு. பகலெல்லாம் அடித்த கை இரவில் தூக்கத்திலும் ஓயவில்லை. கே.கே. நகர் வீட்டில் மனைவி பேச்சியம்மாள் நடுவில் இரண்டு தலையணை அடுக்கித்தான் படுப்பாள். ஒருமுறை தலையணையைத் தாண்டி வந்த கை அவள் கடைவாய்ப் பல்லைக் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து வேறு வேலை தேடினார். அடிப்பதைத் தவிர என்ன தெரியும் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். அவரும் பொய் சொல்லத் தெரியாதவர்.

அவரைக் காப்பாற்றியது நவீன ஓவியம். அண்ணாச்சி ஒரு காலத்தில் யார் பேச்சையோ கேட்டு அப்படிப்பட்ட படங்களை வாங்கிக் கடையில் குவித்திருந்தார். கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்கள் நெரிபட்ட கழுத்துகளையும் உரிபட்ட முதுகுகளையும் பார்த்து முகம் சுளித்ததால், நிறுவனத்தின் பெயரில் அத்தனையையும் அடையாறில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார். கூடவே காவலுக்குக் கருணாகரனையும் அனுப்பினார். திறப்பு விழா முடிந்ததும் பல்கலைக்கழகமே அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் பேராசிரியர் மதுவந்தி, கருணாகரன் வேலைக்கு வந்த அன்றே இரண்டு விதிகளைச் சொன்னார். படத்தை யாரும் தொடக்கூடாது. யாரையும் கருணாகரன் தொடக்கூடாது. இரண்டாவதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரெங்கும் இத்தனை பேர் அடிபட்டுக்கொண்டிருக்க, தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். அதற்குச் சம்பளமும் உண்டு. சில வாரங்களில் பேச்சியம்மாள் தலையணைகளை எடுத்துவிட்டாள்.

விழாவன்று, படங்களை வரைந்த பரத்வாஜ் அபிராமபுரத்திலிருந்து வந்தார். நடுச்சுவரில் அவருடைய பெரிய படம் சட்டமில்லாமல் திரைச்சீலைபோல் தொங்கியது. சாட்டையடி பட்டுச் செத்துக் கிடக்கும் மனிதன், கணுக்காலோடு முடிந்திருந்தான். அந்தக் காலின்மையைப் பற்றி மதுவந்தி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பரத்வாஜ் கிட்டே போய்க் கீழ் ஓரத்தைத் தடவினார். மடித்து அடித்த தையல் விரலில் நெருடியது. காலைக் காணோமே என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

"எங்க ஷோரூம்ல மாட்டினப்ப தரையில புரண்டுது தம்பி. மாஸ்டரை விட்டு வெட்டி ஓரம் அடிச்சோம். நல்லாத்தான அடிச்சிருக்கான்?" என்றார் அண்ணாச்சி. துணி தரையில் புரண்டால் அவருக்குத் தாங்காது.

பரத்வாஜ் அவர் சட்டையைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். இரண்டாவது மோதலில் அண்ணாச்சியின் பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு, ரிப்பன் வெட்டத் தட்டில் வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு படத்தை நோக்கி நடந்தார். கருணாகரன் கைகளைப் பின்னால் கட்டியபடி குறுக்கே வந்து நின்றார்.

"என் படம்டா. நான் வெட்டுவேன். நீ யாரு?"

"இப்ப அது யுனிவர்சிட்டி படம் சார். கத்தரியக் குடுத்துருங்க."

கத்தரிக்கோல் அவர் தோளில் இறங்கியது. உருவி மறுபடி குத்தியபோது விலா எலும்பில் பட்டு வழுக்கியது. கட்டிய கையை அவர் பிரிக்கவில்லை, மதுவந்தியைத்தான் பார்த்தார். இரண்டு விதியில் எது என்று அந்தப் பார்வை கேட்டது.

"படத்தைக் காப்பாத்துங்கோ," என்றார் மதுவந்தி.

முதல் அடியிலேயே கத்தரிக்கோல் கீழே விழுந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான்காவது மாடியில் யாரையும் ஒரே அடியோடு விட்ட பழக்கமில்லை. முகத்தை வெற்றுச்சுவர்ப் பக்கம் திருப்பி அடித்தார். தாடை உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகும் மூன்று அடி விழுந்தது. விருந்தினர்கள் அவர் மேல் விழுந்து இழுத்தார்கள்.

படத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. மதுவந்தி அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணீரோடு கருணாகரனுக்கு நன்றி சொன்னார். அதே கண்ணீரோடு, இப்படிப்பட்டவரைப் பல்கலைக்கழகத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். இரண்டையும் மனதாரத்தான் சொன்னார். பரத்வாஜ் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அண்ணாச்சியின் உதட்டுக்கும் கருணாகரனின் தோளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தோளில் போட்ட தையல் பிரித்ததும் கருணாகரன் நான்காவது மாடிக்குத் திரும்பினார். வீட்டில் தலையணைகளும் திரும்பியிருந்தன. அறைக்குள் ஒருவன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். சட்டைக்குள் பட்டுத்துண்டோடு பிடிபட்டவன். வெளியே மாஸ்டரின் இஸ்திரி மேசையில் கெட்டித்துணி ஒன்று விரித்திருந்தது. வருடக்கணக்காக அங்கேதான் கிடந்தது, அவர் கவனித்ததில்லை. அதில் தீட்டிய இரண்டு பாதங்கள் சூட்டில் கருகி, விரல்கள் விரிந்து தெரிந்தன.

கருணாகரன் இஸ்திரிப்பெட்டியை நகர்த்திவிட்டுத் துணியை எடுத்து, புடவை மடிப்பதுபோல் மடித்து, மேல் அலமாரியில் வைத்தார். பிறகு அறைக்குள் போய், அவனைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொன்னார்.