ஏழுமலை அண்ணன் வாங்கிய ஜாக்கெட் பிட்டுகள்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். காலையில் போன் வந்தது... ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லையாம்.

ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் ஆறு வருஷம் நான் சேல்ஸ் கேர்ள். அவர் எங்கள் சீனியர்.

மனிதருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வாங்க முடியாதவர்கள் என்று தெரிந்தால்தான், இருப்பதிலேயே விலை கூடிய புடவையை எடுத்து விரிப்பார்!

ஒருநாள் கடை திறந்ததுமே ஒரு அம்மா மழைக்கு உள்ளே ஒதுங்கினார். களம்பூர் ரைஸ் மில்லில் வேலையாம், பஸ்ஸுக்கு நின்றிருந்தவர். அண்ணன் அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, ஒரு முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டுவிட்டார்.

"அய்யய்யோ... என்னாண்ட அவ்ளோ துட்டு ஏதுங்க?"

"கண்ணாடி பாக்க துட்டு கேக்க மாட்டோம்மா. சும்மா நில்லுங்க."

அந்த அம்மா அப்படித் திரும்பினார், இப்படித் திரும்பினார்... வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மழை விட்டதும் கிளம்பிவிட்டார்.

முதலாளிக்கு வந்ததே கோபம். முதலில் நுழைகிறவர் வெறுங்கையோடு போனால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

"போணி ஆவறதுக்கு முன்னாடி இன்னாய்யா வேடிக்கை? இன்னொரு வாட்டி நடந்துச்சு, நீ வூட்லயே இருந்துக்கோ!"

அண்ணன் ஒரு ஜாக்கெட் பிட்டை எடுத்தார், தன் காசைக் கல்லாவில் வைத்தார். "போணி ஆயிடுச்சு மொதலாளி."

அதற்குப் பிறகு திருந்தினாரா என்றால்... எங்கே! காலையில் யாராவது வெறுங்கையோடு போனால் உடனே ஒரு பிட்.

என் நிச்சயதார்த்தம் நின்றுபோன மறுநாள், அழுது வீங்கிய முகத்தோடு வேலைக்குப் போனேன். "தெனம் ஊருக்கே கட்டி வுடற. இன்னிக்கு நீ நில்லும்மா" என்றார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

இன்று எல்லாம் முடிந்த பிறகு, அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பீரோவைத் திறந்தார். ஒரு தட்டு முழுக்க ஜாக்கெட் பிட்.

"ஒண்ணாவது என் பொடவைக்கு மேட்ச் ஆவுதா பாரு. ஏன் வாங்கிகினு வர்றீங்கன்னு கேட்டா சிரிப்பாரு. இதுக்காக எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா அந்த மனுசன..."

சொன்னேன். ஒவ்வொன்றும் கண்ணாடி முன்னால் சிரித்துவிட்டுப் போன ஒரு அம்மாவுக்காக வாங்கியது என்று.

அண்ணி மேலே இருந்த பச்சைப் பிட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பீரோ கண்ணாடியைப் பார்த்தார்.

போய் வாங்கண்ணா...