பெருங்காயக்காரி பேச்சியம்மாள்

மருமகள் நேற்று புதுப் பெருங்காய டப்பாவைத் திறந்தாள். மூக்கருகே கொண்டுபோனால்தான் வாசம் வந்தது. எங்கள் வாலிப காலத்துப் பெருங்காயம் தெருமுனையிலேயே ஆளை மறிக்கும். அதிலும் பேச்சியம்மாள் விற்றது இருக்கிறதே, அந்த நெடிக்குள் எதை வைத்தாலும் ஒளிந்துகொள்ளும். அவளும் வைத்தாள், அபினியை.

அப்போது நான் அபினிக்கும் சாராயத்துக்கும் வரி வாங்குகிற சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் தற்காலிகக் குமாஸ்தா. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். வேறு திறமை கிடையாது. பேச்சியம்மாளோ புருஷன் விட்டுப்போனபின் தலையில் கூடை சுமந்து பெருங்காயம் விற்றவள். வடக்கேயிருந்து ரயிலில் வரும் பெருங்காயத் தோல்பைகளுக்குள் அபினி வைத்துக் கடத்த ஆரம்பித்தாள். யாராலும் மோப்பம் பிடிக்க முடியவில்லை. பத்தே வருஷத்தில் கோச்சடையில் மாடிவீடு, சொந்தக் குதிரைவண்டி, ஜில்லா முழுக்கக் கூடைக்காரிகள். காளவாசல் பக்கம் அவள் வண்டி வந்தால் கான்ஸ்டபிளே ஒதுங்கி நிற்பார்.

எனக்கு அவள்மேல் தீராத ஆத்திரம். என் பெரியப்பா அவள் சரக்கைத் தின்றே எலும்பும் தோலுமாகிச் செத்தவர். அதனால் எங்கள் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் அவள் வீட்டுச் சோதனைக்குக் கிளம்பியபோது, நோட்டைத் தூக்கிக்கொண்டு நான்தான் முதலில் வண்டி ஏறினேன்.

மத்தியானம்வரை வீட்டைப் புரட்டிப் போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. இன்ஸ்பெக்டர் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு கறுப்பு உருண்டையை எடுத்துப் பெருங்காயப் பைமேல் வைத்தார்.

“இதுக்குள்ள இருந்துச்சுன்னு எழுதுய்யா.”

பேச்சியம்மாள் அதை எடுத்து முகர்ந்துவிட்டு வீசி எறிந்தாள். “நான் அபினி விக்கிறவதான். ஆனா இம்புட்டு மட்டமான சரக்கைக் கையால தொடமாட்டேன்!”

என் பேனா நகரவில்லை. “பையில இருந்ததை நான் பாக்கலை சார். எழுதமாட்டேன்” என்றேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், நோட்டைப் பார்த்தபடிதான் சொன்னேன். ஆனாலும் எழுதவில்லை.

மறுநாளே வேலை போயிற்று. இன்ஸ்பெக்டர் தானே எழுதிக் கேஸ் போட்டார். கோர்ட்டிலும் அதையேதான் சொன்னேன். கேஸ் தள்ளுபடி. வாசலில் அவள் என்னிடம் வந்தாள்.

“என்னால வேலை போச்சே தம்பி. எங்கிட்ட வந்திர்றியா?”

“எங்க பெரியப்பா உங்க சரக்கைத் தின்னுதான் செத்தாரு. நான் ஒண்ணும் உங்களுக்காகச் சொல்லலை.”

அவள் முகம் சுருங்கிப்போனது. பிறகு நிமிர்ந்தாள். “இனிமே விக்கமாட்டேன்னு உங்கிட்டப் பொய் சொல்லமாட்டேன் தம்பி. வாரேன்.”

மறு வருஷம் ரயிலடியில் நிஜச் சரக்கோடு பிடிபட்டாள். அதற்குள் நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். அவள் கூண்டில் கை கட்டாமல் நின்றாள்.

“ஆமா, என் சரக்குதான். சர்க்காரும் போர்டு மாட்டி அபினிக்கடை வச்சிருக்குல்ல? நான் வித்ததுக்கு நான் ஜெயிலுக்குப் போறேன். அந்தக் கடையில வாங்கித் தின்னு செத்தவனுக்கு யாரு போவா?”

மாஜிஸ்திரேட் பேசக்கூடாது என்றார். அதையே இன்னும் உரக்கக் கேட்டாள். ஜெயிலிலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள் என்று கேள்வி.

அந்தச் சர்க்கார் அபினிக்கடை இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. போர்டு போய்விட்டது, இன்ஸ்பெக்டர் போய்விட்டார், வெள்ளைக்காரச் சர்க்காரே கப்பலேறிப் போய்விட்டது. ஒருவரும் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகவில்லை.