மார்த்தாவின் விளக்குகளின் கீழ்

இந்த வருடம் குளிர் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. நேற்றுக் காலை சுவரோர மின்சார ஹீற்றரை முதன்முதலாகப் போட்டேன். மொன்றியலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கோடை முழுக்க அதற்குள் படிந்து கிடந்த தூசி சுட்டுக் கருகி ஒரு மணம் வரும். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, சன்னலைத் திறவுங்கோ, புகை அலாரம் அடிக்கப்போகுது" என்றாள். நான் திறக்கவில்லை. அந்த மணம் வந்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும். மார்த்தாவின் மேடை விளக்குகள் சூடேறும்போது வந்ததும் இதே மணம்தான்.

மார்த்தா யாரென்று சொல்லவில்லையே. புடாபெஸ்டில் பிறந்த நடிகை. இளவயதில் மேடை, பிறகு வியன்னாவில் படங்கள். ஒரு காலத்தில் அவர் முகத்தை ஒட்டாத சுவரே இல்லையாம். (அவர் சொன்னதுதான், நான் போய்ப் பார்க்கவில்லை.) காதலியாக நடித்தவரைக் கொஞ்ச வயது போனதும் அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டார்கள். அதற்கும் பிறகு, செத்துப்போன அம்மாவாக, சுவரில் தொங்கும் படமாக. ஒருநாள் தன் முகத்தைத் திரையில் பெரிதாகப் பார்த்துவிட்டு, இனி விளக்குக்கு முன்னால் நிற்பதில்லை என்று முடிவெடுத்து, ஒப்பரா இயக்கப் போய்விட்டார். பாட்டாலேயே கதை சொல்லும் அந்த நாடகங்களைச் சின்னச் சின்ன ஊர்களில் செய்து, ஒன்றும் சரிவராமல், கடைசியாக இங்கே வந்திருந்தார். இதுவும் விழுந்தால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று வந்த அன்றே என்னிடம் சொன்னார். நான் யாரென்றுகூட அவருக்குத் தெரியாது. பயம் வந்தால் ஆள் பார்த்தா கதைக்கிறோம்?

எனக்கு அந்த ஒப்பரா மண்டபத்தில் நிற்கிற வேலை. சிரிக்காதீர்கள். விளக்குகளைப் பொருத்திச் சரிபார்க்கப் பல மணி நேரமாகும். பாடகிகளை அவ்வளவு நேரம் சூட்டில் நிறுத்தினால் தொண்டை காய்ந்துவிடும் என்று அதே உயரத்தில் வேறு யாரையாவது நிறுத்துவார்கள். வழக்கமாக நிற்கிற பெண் ஐஸில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டதால், உடுப்பறையில் அயன் பண்ணிக்கொண்டிருந்த என்னை உயரம் பார்த்துப் பிடித்துப் போனார்கள். செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இது விளங்கவேயில்லை.

"சும்மா நிக்கிறதுக்கு ஆராவது சம்பளம் குடுப்பினமோ? வடிவா விசாரிச்சனியோ பிள்ளை?"

மார்த்தா பேசியது உடைந்த பிரெஞ்சு, என்னுடையது அதைவிட உடைந்தது. அதை இங்கே எங்கள் தமிழில் சொல்கிறேன். இருட்டு மண்டபத்தின் நடுவில் இருந்துகொண்டு, "இன்னும் கூட்டுங்கோ, அவளின்ர முகம் கடைசி வரிசைக்கும் தெரியவேணும்" என்பார். விளக்குகளுக்குப் பொறுப்பான உயரமான மனிதர் ஒருதரம், "பாடகி வேற நிறம், மடாம்" என்றார். மார்த்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் குடும்பக் கல்யாணப் படங்களில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிகிறவள் நான். என் முகம் தெரிய வேண்டுமென்று ஒருவர் இவ்வளவு பாடுபட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் உச்சி குளிர்ந்துபோய்த்தான் இருந்தது.

அரங்கேற்றத்துக்கு முதல்நாள் காலை, உடையோடு ஒத்திகை. பாடகி பால் போன்ற வெள்ளை. அவர் வெளிச்சத்துக்குள் வந்தார், அவ்வளவுதான், மூக்கும் இல்லை, வாயும் இல்லை. மாப்பானைக்குள் விழுந்து எழும்பின மாதிரி ஒரு வெள்ளை மட்டும் பாடியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த மார்த்தா என் கையைப் பிடித்தார்.

எல்லா விளக்கையும் அன்று மத்தியானமே திருப்பிச் சரிபண்ண வேண்டும். பாடகி தொண்டைக்கு ஓய்வு கொடுக்கப் போய்விட்டார். அந்த உயரமும் அந்த நிறமும் உள்ளவர் மண்டபத்தில் ஒரேயொருவர்தான். எல்லோரும் மார்த்தாவைப் பார்த்தார்கள்.

"வேற ஆள் பாருங்கோ" என்றார். யாரும் அசையவில்லை. கடைசியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேடைக்கு எழும்பினார்.

"நீ என்ர கதிரையில இரு. என்ன தெரியுதெண்டு சொல்லு. பொய் சொல்லாத."

விளக்குகள் எரிந்தன. தூசி கருகுகிற மணம் வந்தது. வெளிச்சம் அவர் முகத்தில் ஒரு சுருக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. "என்ன தெரியுது?" என்று கேட்டார். வடிவாயிருக்கு என்றால் நாளைக்கு ஒப்பரா விழும். உண்மையைச் சொன்னால் அவர் இறங்கிப் போய்விடுவாரோ என்று பயம்.

"கண்ணுக்குக் கீழ எல்லாம் தெரியுது, மடாம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப கூடிப்போச்சு. குறையுங்கோ."

அப்படியே ஒவ்வொரு விளக்காக. மத்தியானம் முழுக்க நான் சொல்லச் சொல்ல அவர் நின்றார். கடைசிக் காட்சியில் பாடகி போனபிறகு, அவர் நின்ற இடத்தில் வெளிச்சம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். எனக்காகக் கூட்டி வைத்த அதையும் குறைக்கப் போனார்கள்.

"அதில ஆரும் நிக்கேல்லையே," என்று மார்த்தா என்னைக் காட்டினார். "அது அவளின்ர. அப்பிடியே விடுங்கோ."

அரங்கேற்றத்தன்று அவர் மண்டபத்துக்குள் வரவேயில்லை. மேடைக்குப் பின்னால் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் படபடவென்று ஒரு சத்தம் எழும்பியது. "அது கைதட்டலோ, எழும்பிப் போறவையின்ர கதிரை மடியிற சத்தமோ?" என்று கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அது நிற்காமல் நீண்டபோதுதான் கைதட்டல் என்று இரண்டு பேருக்கும் விளங்கியது. அவர் அழுதார், நானும் அழுதேன்.

பார்க்க வந்திருந்த அம்மா, மெற்றோ ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னார்: "கடைசி வரைக்கும் உன்னைத் தேடினன், காணேல்லை. முடிவில வெறும் வெளிச்சம்தான் நிண்டது."

"அதுதான் அம்மா நான்" என்றேன். அம்மா என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

பிறகு மார்த்தாவை வேறு ஊர்களுக்கும் கூப்பிட்டார்கள். ஒரு படத்தில் மறுபடி நடித்தார், கிழவியாக. உள்ளங்கை வியர்க்க வியர்க்கப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே எல்லாம் தெரிந்தது, ஒருவரும் குறைக்கச் சொல்லியிருக்கவில்லை. இப்போது அவர் இல்லை. அந்த விளக்குகளும் இல்லை. புது விளக்குகள் சுடுவதுமில்லை, மணப்பதுமில்லை. கம்ப்யூட்டரிலேயே ஒரு பொம்மையை நிறுத்திப் பார்த்துவிடுகிறார்களாம். சும்மா நிற்பதற்கு இனி யாருக்கும் சம்பளம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லலாமென்றால், அம்மாவும் இல்லை.

மணம் முழுதாகப் போவதற்குள் மகள் வந்து சன்னலைத் திறந்துவிட்டாள்.